பேசச் சொல்லும் முன், கேட்க ஆள் இருக்கிறதா?

கேள்வி: 1,200 பேர் வேலை செய்யும் ஓர் இணைய சேவை நிறுவனத்தில், மக்கள் தொடர்புப் பிரிவில் இருக்கிறேன். அக்டோபர் 10, உலக மனநல நாளையொட்டி ஒரு வாரப் பிரசாரம் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. திட்டம் இதுதான். ஒரு ஹேஷ்டேக். அதைப் பகிரும் ஒவ்வொரு பதிவுக்கும் நிறுவனம் ஒரு சிறு தொகையைத் தொண்டு அமைப்பு ஒன்றுக்குத் தரும். மனச்சோர்விலிருந்து மீண்ட ஊழியர்கள் மூன்று பேர் வீடியோவில் பேசுவார்கள். 'உங்கள் மனநலத்தை நீங்களே அறியுங்கள்' என்று இணையத்தில் ஒரு வினாத்தாள். கடைசி நாளில் 'ஒரு நாள் போனைத் தள்ளிவைப்போம்' சவால். எல்லோரும் உற்சாகமாக இருக்கிறார்கள், எனக்கு மட்டும் உள்ளே ஏதோ நெருடுகிறது. எங்கள் டீமில் ஒரு பெண் சொன்னாள்: "போன மாசம் நான் லீவு கேட்டப்போ முகத்தைச் சுளிச்சவர்தான் இந்த போஸ்டர்ல சிரிச்சுக்கிட்டு நிக்கப்போறார்." இந்தப் பிரசாரத்தால் நல்லது நடக்குமா, யாருக்காவது கெடுதல் வந்துவிடுமா? இன்னும் பத்து வாரம் இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்:

வணக்கம். உங்கள் நெருடல் நியாயமானது. அந்தப் பெண் சொன்னதை ஒரு புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல தகவல் அதுதான். பிரசாரத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் திட்டத்தின் வரிசை தலைகீழாக இருக்கிறது. மக்களைப் பேசச் சொல்லும் வேலைகள் நிறைய இருக்கின்றன. பேசியவரை யார் கேட்பார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பத்து வாரத்தில் முதல் ஆறு வாரத்தை அதற்கே ஒதுக்குங்கள். போஸ்டர், வீடியோ எல்லாம் கடைசி நான்கு வாரத்தில் தயாராகிவிடும்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். பிரசாரம் பலித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1,200 பேரில் 100க்கு 3 பேர் அந்த வாரத்தில் 'நானும் யாரிடமாவது பேச வேண்டும்' என்று கையைத் தூக்கினால் 36 பேர். ஒருவருக்கு நான்கு அமர்வு என்று வைத்தாலும் 144 அமர்வு. ஓர் ஆலோசகர் ஒழுங்காகக் கேட்டு, குறிப்பெழுதி, அடுத்தவருக்குத் தயாராக வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் பார்க்கக் கூடாது. வாரத்துக்கு 25. அப்படியானால் ஒரே ஆலோசகருக்கு இது ஏறக்குறைய ஆறு வார வேலை, அதுவும் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்கள் யாரும் இல்லை என்றால். வரிசையில் 30ஆவது ஆளாக நிற்பவர் முதல் அமர்வுக்கே வாரக்கணக்கில் காத்திருப்பார். மாதக்கணக்கில் யோசித்து, ஒருநாள் துணிந்து போன் செய்தவரிடம் 'அடுத்த மாதம் வாருங்கள்' என்றால், பெரும்பாலும் அவர் இரண்டாவது முறை கூப்பிட மாட்டார். பிரசாரத்தால் வரக்கூடிய கெடுதல்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது.

உங்கள் நிறுவனம் ஆலோசனை சேவையை வெளி அமைப்பிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒப்பந்தத்தை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு எத்தனை அமர்வு? கூப்பிட்ட நாளிலிருந்து முதல் அமர்வுக்கு அதிகபட்சம் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா? அமர்வுகள் முடிந்தும் உதவி தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது யார் பொறுப்பு? பிறகு அந்தச் சேவையின் உதவி எண்ணை நீங்களே மூன்று முறை கூப்பிடுங்கள். வேலை நாளில் காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பதரைக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை. எத்தனை மணி அடித்து எடுத்தார்கள், எடுத்தது ஆளா பதிவுக் குரலா, முதல் கேள்வி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். 'உங்கள் ஊழியர் எண் சொல்லுங்கள்' என்பது முதல் கேள்வியாக இருந்தால் பாதிப் பேர் அங்கேயே வைத்துவிடுவார்கள். ஊழியர் எண் கணக்கு வழக்குக்குத் தேவைதான். அதை உரையாடலின் முடிவில் கேட்கலாம், 'இது உங்கள் நிறுவனத்துக்குப் போகாது' என்று சொல்லிவிட்டுக் கேட்கலாம். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே கிடையாது. பிரசார வாரத்திலும் அதற்கடுத்த நான்கு வாரங்களிலும் கூடுதலாக ஓர் ஆலோசகராவது இருப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது மேனேஜர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநலம் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல்களில் மேனேஜர்களுக்கான பயிற்சியைத் தனியாகவே பரிந்துரைத்தது. காரணம் எளியது. ஊழியர் முதலில் ஏறிட்டுப் பார்ப்பது மேனேஜர் முகத்தைத்தான், ஆலோசகருடையதை அல்ல. தியான ஆப், மீள்திறன் வகுப்பு போன்றவற்றுக்குச் சந்தா கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதற்கு எதிரான சான்றும் இருக்கிறது. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய தனிநபர் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. விதிவிலக்காகத் தெரிந்தது தன்னார்வத் தொண்டு வாய்ப்பு மட்டும். வேலைப்பளுவும் அட்டவணையும் அப்படியே இருக்க, மனிதரை மட்டும் மாற்றப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

மேனேஜர் பயிற்சி என்றால் ஸ்லைடு காட்டுவது அல்ல. மூன்று மணி நேரம், 12 பேருக்கு மேல் வேண்டாம், பாதி நேரம் வாய்விட்டுப் பேசிப் பழகுவது. பழக வேண்டியது நாலைந்து வாக்கியங்கள்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்லித் தொடங்க வேண்டும்: "ரெண்டு வாரமா மீட்டிங்ல நீங்க பேசறதே குறைஞ்சிருக்கு. எப்படி இருக்கீங்க?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பத்து விநாடி அமைதி தாங்க முடியாமல் மேனேஜரே பதிலையும் சொல்லிவிடுவது நான் மிக அதிகமாகக் காணும் தவறு. பிறகு: "இப்போதைக்கு எந்த வேலையை உங்ககிட்டேருந்து எடுத்து வைக்கலாம்?" கடைசியில்: "இதை யார்கிட்ட நான் சொல்லலாம், யார்கிட்ட சொல்லக் கூடாது?" செய்யக் கூடாதவை மூன்று. நோய்க்குப் பெயர் வைப்பது. 'யோகா பண்ணிப் பாருங்க' என்று முடித்துவைப்பது. 'யாரிடமும் சொல்லவே மாட்டேன்' என்று சத்தியம் செய்வது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

வேலைக் குறைப்பை ஒப்புக்கொண்டால் அன்றே ஒரு பத்தி எழுதி இருவரும் வைத்துக்கொள்ளட்டும்: எந்த வேலை, எத்தனை வாரம், எப்போது மறுபடி உட்கார்ந்து பார்ப்பது. எழுதாவிட்டால் மூன்றாவது வாரம் பழைய சுமை மெல்லத் திரும்பி வந்துவிடும். போஸ்டரில் சிரிக்கப்போகும் அந்த மேனேஜர் இந்தப் பயிற்சியின் முதல் குழுவில் இருக்கட்டும். போஸ்டரில் அவர் வேண்டாம்.

பகிர்வுக்கு இவ்வளவு என்ற நன்கொடைக்கு வருகிறேன். இந்த முறையைப் பிரபலமாக்கியது கனடாவின் பெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம். 2010இல் அறிவித்து, 2011 முதல் ஆண்டுக்கு ஒரு நாள் குறுஞ்செய்தி, அழைப்பு, பின்னாளில் சமூக ஊடகப் பகிர்வு ஒவ்வொன்றுக்கும் 5 சென்ட் மனநலப் பணிகளுக்குத் தந்தார்கள். மனநோய் பற்றிப் பொதுவெளியில் பேசும் கூச்சத்தை அது குறைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2023இல் அந்த நிறுவனமே அந்த எண்ணிக்கை முறையை விட்டுவிட்டு, 1 கோடி டாலரை மொத்தமாகத் தருவதாக மாற்றிக்கொண்டது. நீங்கள் முதலிலேயே அங்கிருந்து தொடங்கலாம். பகிர்வுக்குத் தொகை என்றால், வரும் பணம் எவ்வளவு என்று தொண்டு அமைப்புக்குக் கடைசி வரை தெரியாது. அந்தப் பணத்தை நம்பி ஓர் ஆலோசகரைக்கூட வேலைக்கு எடுக்க முடியாது. இன்னொன்று, ஒரு தட்டு தட்டியதும் 'நான் என் பங்கைச் செய்துவிட்டேன்' என்ற நிறைவு வந்துவிடுகிறது, பக்கத்து மேசைக்காரரைக் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகிறது. உங்கள் விஷயத்தில் மூன்றாவது சிக்கலும் உண்டு. நீங்கள் விற்பதே இணைய நேரம். மனநலத்துக்காக இன்னும் அதிகமாகப் பதிவிடுங்கள் என்று நீங்கள் கேட்பது யாருக்கும் நல்லதாகத் தோன்றாது. மூன்று ஆண்டுக்கு ஒரு நிலையான தொகையைப் பிரசாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அறிவிப்பில் தொகையையும், அது எதற்குச் செலவாகிறது என்பதையும் ஒரே வரியில் சொல்லுங்கள்.

இப்போது வீடியோவில் பேசப்போகும் அந்த மூன்று பேர். உங்கள் திட்டத்தில் உண்மையிலேயே பலன் தரக்கூடியது இதுதான், ஆளைக் காயப்படுத்தக்கூடியதும் இதுதான். மனநோய் பற்றிய தப்பெண்ணத்தை, குறிப்பாகப் பெரியவர்களிடம், தகவல் குறைப்பதைவிட அனுபவித்தவரை நேரில் சந்திப்பது அதிகம் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் வீடியோவுக்கு முன், 20 பேர் உட்காரும் ஓர் அறையில் அவர்கள் பேசட்டும் என்பது என் யோசனை. கேட்பவர் கேள்வி கேட்கலாம், பேசுபவர் எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். வீடியோவில் இரண்டும் முடியாது.

வீடியோவும் வேண்டும் என்றால், சம்மதத்தை மூன்று தடவை வாங்குங்கள். படம் எடுக்கும் முன் ஒரு தடவை, எடுத்த மறுநாள் ஒரு தடவை, வெட்டி ஒட்டிய இறுதி வடிவத்தைக் காட்டி 48 மணி நேரம் கொடுத்த பிறகு ஒரு தடவை. சம்மதம் கேட்பவர் அவர்களுடைய சம்பளத்திலோ பதவி உயர்விலோ சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை பேச்சளவில்தான் இருக்கும். சிகிச்சையில் இருப்பவர் என்றால், தன் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் நீக்கச் சொல்லலாம் என்று எழுதிக் கொடுங்கள். கூடவே, ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டால் அதை உங்களால் திரும்பப் பெற முடியாது என்பதையும் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வேறு நிறுவனத்தில் வேலைக்குப் போகும்போது அவர் பெயரைத் தேடினால் இந்த வீடியோ முதலில் வரலாம். முகம் காட்டாமல் குரல் மட்டும், அல்லது பெயர் மாற்றி எழுத்தில் மட்டும் என்ற வழிகளையும் சரிசமமாக முன்னால் வையுங்கள். 'முகம் தெரிந்தால்தான் உருக்கமாக இருக்கும்' என்று வீடியோ எடுப்பவர் நச்சரிப்பார், இடம் கொடுக்காதீர்கள்.

என்ன பேசலாம் என்பதிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குத் தரும் தற்கொலைச் செய்தி வழிகாட்டுதல் உங்கள் வீடியோவுக்கும் அப்படியே பொருந்தும். தன்னைத் துன்புறுத்திக்கொண்ட முறை, இடம், பொருள் எதுவும் வரக் கூடாது. ஒரே ஒரு காரணத்தால் நடந்தது என்ற தொனி வரக் கூடாது. வியன்னாவில் 1987இல் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதுவதைப் பத்திரிகைகள் நிறுத்தியதும் அங்கே அத்தகைய மரணங்கள் சரிந்தன. மறுபக்கம், நெருக்கடியிலிருந்து ஒருவர் மீண்ட விதத்தைச் சொல்லும் செய்திகள் பாதுகாப்பாக அமையக்கூடும் என்று 2010இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே ஐந்து நிமிட வீடியோவில் ஒரு நிமிடம் எப்படி இருந்தது, நான்கு நிமிடம் எப்படி வெளியே வந்தேன் என்று பிரியுங்கள். முதலில் யாரிடம் சொன்னேன், என்ன வார்த்தையில் சொன்னேன், அவர் என்ன செய்தார், முதல் மருத்துவர் சரிப்படாதபோது எப்படி இரண்டாமவரைத் தேடினேன், எத்தனை மாதம் ஆனது. பார்ப்பவருக்குத் தேவை இந்த வழிதான். மருந்தின் பெயரும் அளவும் வேண்டாம், பார்ப்பவர் தனக்கும் அதுவே என்று எடுத்துக்கொள்வார். வெளியான மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆளை இப்போதே பெயர் சொல்லி நியமியுங்கள். வீடியோ ஓடும் வாரத்தில் அவர்கள் கமெண்ட்களைப் படிக்காமல் இருப்பது நல்லது. வேறொருவர் படித்து, தேவையானதை மட்டும் சொல்லட்டும்.

வினாத்தாளை எடுத்துவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் போடப்போவது பெரும்பாலும் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற படிவமாக இருக்கும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். இது நல்ல படிவம்தான். ஃபைசர் மருந்து நிறுவனத்தின் நிதியில் உருவானது என்பதால் அது கெட்டுப்போகவில்லை, இன்று உலகெங்கும் மருத்துவர்கள் இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது மருத்துவர் கையில் இருக்கும்போதுதான் நல்ல படிவம். 1,000 பேர் நிரப்புகிறார்கள், அவர்களில் உண்மையில் 100 பேருக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். படிவம் நோய் உள்ளவரில் 85 சதவீதத்தையும், இல்லாதவரில் 85 சதவீதத்தையும் சரியாகச் சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 85 பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாத 900 பேரில் 135 பேரையும் 'இருக்கலாம்' என்று சொல்லிவிடும். ஆக, பயந்துபோன 220 பேரில் 85 பேருக்குத்தான் நோய். மருத்துவர் எதிரே இருந்தால் பத்து நிமிடப் பேச்சில் இதைப் பிரித்துவிடுவார். உங்கள் இணையப் பக்கம் எப்படிப் பிரிக்கும்?

ஒன்பதாவது கேள்வி இன்னும் கனமானது. செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. இரவு 11.40. ஒருவர் தன் அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு போனில் இதைப் படிக்கிறார். 'கிட்டத்தட்ட தினமும்' என்பதைத் தொடுகிறார். 'சமர்ப்பி' என்று அழுத்துகிறார். அடுத்த திரையில் என்ன வருகிறது? திட்டத்தில் இருப்பதைப் பார்த்தால், ஒரு மதிப்பெண்ணும் உங்கள் லோகோவும் பகிர்வதற்கான பொத்தானும் வரும். அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அதைச் சொல்லியிருக்கிறார், சொல்லிய இடத்தில் ஒருவருமே இல்லை. 24 மணி நேரமும் பதில் சொல்ல ஆள் இருக்கும் இடம் தவிர வேறெங்கும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது. கேள்வியை மட்டும் நீக்கிவிட்டுப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், எட்டுக் கேள்வி வடிவமும் இருக்கிறது. அப்போதும் தவறாகப் பயமுறுத்துவது அப்படியேதான் இருக்கும்.

தகவல் கசிவும் இருக்கிறது. வினாத்தாள் பக்கத்தில் விளம்பர நிறுவனங்களின் பிக்சல் எனப்படும் கண்காணிப்புத் துணுக்கு இருந்தால், இந்த ஆள் இந்தப் பக்கத்துக்கு வந்தார், இந்த முடிவுப் பக்கத்தைப் பார்த்தார் என்ற செய்தி வெளியே போய்விடும். இணைய மனநல ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனர்களின் நலத் தகவலை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களுடன் விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2023இல் 78 லட்சம் டாலர் செலுத்த உத்தரவிட்டது. உங்கள் பிரசாரப் பக்கம் முழுவதிலும், உதவி எண் இருக்கும் பக்கத்தில் குறிப்பாக, எல்லாக் கண்காணிப்புத் துணுக்குகளையும் எடுத்துவிடும்படி தொழில்நுட்பக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பக்கம் ஊழியர் லாகின் இல்லாமலே திறக்க வேண்டும். இணைய சேவை நிறுவனமான உங்களுக்கு இதைச் செய்வது ஒரு மதிய நேர வேலை.

வினாத்தாள் இடத்தில் ஒரே ஒரு பக்கம் வையுங்கள்: 'இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ வேலையோ கெட்டுப்போயிருந்தால் இவரைக் கூப்பிடுங்கள், இந்த நேரத்தில் எடுப்பார், முதலில் இதைக் கேட்பார்.' அவ்வளவு போதும்.

இதே அளவுகோல் உங்கள் பதிவுகளுக்கும் வேண்டும். 2023இல் லூசி ஃபௌக்ஸ், ஜாக் ஆண்ட்ரூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். விழிப்புணர்வு முயற்சிகள் சிலருக்குத் தம் நோயை அடையாளம் காண உதவுகின்றன, வேறு சிலரையோ சாதாரணத் துயரத்தையும் நோயாகப் பார்க்கவைக்கின்றன. அப்படிப் பார்க்கத் தொடங்கினால் சிலவற்றைத் தவிர்ப்பார்கள், தவிர்க்கத் தவிர்க்கத் துயரம் கூடும். இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப் போதுமான காரணம் இருக்கிறது. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்து 2022இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், எல்லாருக்கும் பொதுவாகக் கற்றுத்தந்த மனநிறை தியானம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. எல்லாரையும் நோக்கிப் பொதுவாகச் சொல்லும் செய்தி எல்லாருக்கும் நல்லதாகவே முடியும் என்று நம்பிவிடக் கூடாது. டிக்டாக்கில் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புப் பிரச்சினை பற்றிய மிகவும் பிரபலமான 100 வீடியோக்களை 2022இல் கனடிய மருத்துவர்கள் ஆராய்ந்தபோது 52 தவறான தகவல் தருபவையாக இருந்தன. 'சாவியை எங்கே வைத்தேன் என்று மறக்கிறீர்களா?' என்று தொடங்கும் வகை அவை. உங்கள் டீம் 'அடிக்கடி சோர்வா இருக்கா? இது மனச்சோர்வின் அறிகுறி!' என்று ரீல்ஸ் எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள். சோர்வு மட்டும் இருந்தால் மனச்சோர்வு ஆகிவிடாது. எவ்வளவு நாள், எந்த அளவு, அன்றாடத்தில் எது நின்றுபோனது என்ற மூன்றும் இல்லாத பதிவு வெளியே போக வேண்டாம்.

எளிமைப்படுத்துவதிலும் ஆபத்து உண்டு. 2000ஐ ஒட்டி ஜப்பானில் மருந்து நிறுவனங்களின் பிரசாரம் மனச்சோர்வை 'மனதுக்கு வந்த ஜலதோஷம்' என்று சொல்லிப் பரப்பியது. மருத்துவரிடம் போகும் கூச்சம் குறைந்தது. ஆனால் ஜலதோஷம் ஒரு வாரத்தில் போய்விடும், மனச்சோர்வு அப்படியல்ல. அழகான உவமை கிடைத்தால் அது யாருடைய வியாபாரத்துக்கு வசதி என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பதிவுகள் வெளியானதும் உங்கள் பக்கத்தின் இன்பாக்ஸுக்குச் செய்திகள் வரும். சில இரவு இரண்டு மணிக்கு வரும். பிரசார வாரம் முழுவதும், முடிந்து மூன்று நாள் வரையும், முறை வைத்து ஆள் பார்க்க வேண்டும். அந்த ஆள் சிகிச்சை தர முயலக் கூடாது. பதிலை முன்பே எழுதி வையுங்கள். 'நீங்கள் எழுதியதைப் படித்தேன். இதைச் சொன்னதற்கு நன்றி. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருக்கிறதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. 'ஆம்' என்றால் அவசர உதவி எண்ணும், இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியும். அந்த நிமிடமே உங்கள் ஆள் ஆலோசகரைக் கூப்பிட வேண்டும், அவருடைய எண் மேசையில் ஒட்டியிருக்க வேண்டும். கமெண்ட்களை ஒப்புதலுக்குப் பின் தெரியும்படி வையுங்கள். இரவு 10 முதல் காலை 7 வரை பார்க்க ஆள் இல்லை என்றால், அந்த நேரத்தில் கமெண்ட் பகுதியை மூடிவிடுங்கள். இந்த வேலை செய்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாசிப்பதே மனதை அழுத்தும்.

'ஒரு நாள் போனைத் தள்ளிவைப்போம்' சவால் கெடுதல் செய்யாது, ஆனால் பெரிதாக நல்லதும் செய்யாது. சமூக ஊடகம் மனநலத்தை எவ்வளவு கெடுக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை வைத்து 2019இல் ஆர்பென், ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் செய்த கணக்கில், மனநலத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 0.4 சதவீதத்துக்கு மேல் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடியவில்லை. மறுபுறம், 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களிடம் நடந்த சோதனையில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளைக்கு 10 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கு மூன்று வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்குப் படுவது இது. சராசரி பாதிப்பு சிறிது, சிலருக்கு மட்டும் பெரிது. பலன் தருவது ஒரு நாள் துறவு அல்ல, வாரக்கணக்கில் ஓர் எல்லை.

உங்கள் ஊழியர்களின் இரவைக் கெடுப்பது ரீல்ஸ் மட்டும்தானா என்றும் பாருங்கள். இரவு 10.30க்கு மேனேஜர் வாட்ஸ்அப் குழுவில் 'காலைல பாத்துக்கலாம், சும்மா சொல்லி வைக்கிறேன்' என்று போடும் செய்தியும் அதே போனில்தான் வருகிறது. படித்தவர் காலை வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். பிரான்சில் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்து ஊழியர்களுடன் பேச வேண்டும் என்ற சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, நீங்கள் இதைச் செய்யலாம். சவாலை ஊழியர்களுக்கு வைக்காமல் மேனேஜர்களுக்கு வையுங்கள்: நான்கு வாரத்துக்கு மாலை 7 முதல் காலை 8 வரை வேலைச் செய்தி எதுவும் அனுப்பக் கூடாது. தோன்றியதை எழுதி, காலை 8.30க்குப் போகும்படி நேரம் குறித்து வைக்கலாம், மின்னஞ்சலில் அந்த வசதி இருக்கிறது. அவசரம் என்றால் போன் அழைப்பு மட்டும், எது அவசரம் என்று முன்பே மூன்று வரியில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இதில் வழுக்கும் இடம் ஒன்றுதான். மேலதிகாரி ஒருவர் முதல் வாரமே மீறுவார். அவரை அன்றே கேட்க ஒருவர் இல்லாவிட்டால், மற்றவர்களும் அடுத்த வாரம் மீறுவார்கள்.

முடிவில் நிர்வாகத்துக்கு என்ன அறிக்கை கொடுப்பீர்கள் என்பதை இப்போதே மாற்றி எழுதுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் என்ற பக்கத்தை இரண்டாம் இணைப்பாகத் தள்ளுங்கள். முதல் பக்கத்தில் நான்கு எண் போதும்: ஆலோசகரை முதல் தடவையாக அணுகியவர் எத்தனை பேர், கூப்பிட்ட நாளுக்கும் முதல் அமர்வுக்கும் இடையே எத்தனை நாள், முதல் அமர்வுக்கு வந்தவரில் எத்தனை பேர் இரண்டாவதற்கும் வந்தார்கள், மேனேஜர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட வேலை மாற்றங்கள் எத்தனை. பிரசாரத்துக்கு முந்தைய மூன்று மாதத்தையும் பிந்தைய மூன்று மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவுக்குத் தனி எண் காட்டக் கூடாது, யார் என்று ஊகித்துவிடுவார்கள். உங்கள் லோகோ, வீடியோவின் கடைசிக் காட்சியில் சிறிதாக இருக்கட்டும். அந்த வாரத்தில் எந்தச் சலுகை விளம்பரமும் இதே பக்கங்களில் ஓடக் கூடாது. அடுத்த இரண்டு, மூன்று மாதத்தில் ஆட்குறைப்பு அறிவிக்கும் யோசனை நிர்வாகத்திடம் இருந்தால் இந்த ஆண்டு பிரசாரமே வேண்டாம். அதை அவர்களிடம் நேரடியாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, ஏனென்றால் அழைப்பிதழில் இருப்பது உங்கள் கையெழுத்து.

இந்த வாரம் தொடங்க வேண்டியவை இரண்டு. இன்று இரவு ஒன்பதரைக்கு அந்த உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். நாளை, லீவு கேட்ட அந்தப் பெண்ணிடம் போய், அன்று உண்மையில் என்ன நடந்திருந்தால் அவளுக்கு உதவியாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். அவள் சம்மதித்தால் பெயர் இல்லாமல் அந்தப் பதிலை எழுதி, மேனேஜர் பயிற்சியின் முதல் பயிற்சிக் காட்சியாக வையுங்கள்.